முன்மருந்தும் மூளையின் செவியும்

காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகப்பட்டுக் குழந்தையைப் பெரா பரிசோதனைக்குத் தூக்கிப்போன பெற்றோருக்கு அந்தச் சிறிய அறை நன்றாகத் தெரிந்திருக்கும். முந்தைய இரவு தாமதமாகத் தூங்கவைத்துக் காலையில் சீக்கிரம் எழுப்பி, களைத்த பிள்ளையாகக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். வந்ததும் எடைக்கேற்ப அளந்து ட்ரைக்ளோஃபாஸ் சிரப்பை ஊட்டுவார்கள். சிணுங்கிச் சிணுங்கி அம்மாவின் தோளிலேயே குழந்தை தூங்கிப்போனதும், நெற்றியிலும் இரண்டு காதுகளின் பின்னாலும் பசை தடவி எலெக்ட்ரோடுகளை ஒட்டி, காதில் இயர்ஃபோன் வைப்பார்கள். விநாடிக்குப் பத்து, இருபது என்று சொடுக்கொலிகள் ஓடத் தொடங்கும். ஒவ்வொரு சொடுக்குக்கும் பின்னால் வரும் 10 மில்லி விநாடிக்குள் மூளை எழுப்பும் மின்னலை ஒரு மைக்ரோவோல்ட்கூட இருக்காது. குழந்தையின் வழக்கமான மூளை மின்னோட்டத்தில் அது முழுதாக மறைந்துபோகும். ஆயிரம், இரண்டாயிரம் முறை ஒலியைக் கொடுத்துச் சராசரி எடுத்தால்தான் மற்ற இரைச்சல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒலிக்கான பதில் மட்டும் மிஞ்சும். அப்போது திரையில் ஐந்து மேடுகள் எழும். எவ்வளவு மெல்லிய ஒலி வரைக்கும் ஐந்தாம் மேடு தெரிகிறது என்பதைக் கொண்டு கேட்கும் திறனை மதிப்பிடுகிறார்கள்.

மருந்தால் தூங்கும் குழந்தையின் மூளை இப்படிப் பதில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஐந்து மேடுகளும் செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் எழுபவை. டான் ஜூவெட்டும் ஜான் வில்லிஸ்டனும் 1971இல் அவற்றை வரிசைப்படுத்தி ரோமன் எண்களிட்டார்கள். தூக்க மருந்து அந்தப் பாதையை அநேகமாகத் தொடுவதே இல்லை. ஆனால் அதே குழந்தைக்கு, அதே மருந்தின் பிடியில், ஒலியை விநாடிக்கு 40 முறை ஏறி இறங்கும்படி கொடுத்துப் பார்த்தால் கதை வேறு. ராபர்ட் கலாம்போஸும் அவருடைய குழுவினரும் 1981இல் விவரித்த அந்த 40 ஹெர்ட்ஸ் பதில், விழித்திருக்கும் பெரியவர்களிடம் ஓங்கி எழும். தூக்கத்திலும் தூக்க மருந்திலும் சரிந்துவிடும். அதனால்தான் தூங்கும் குழந்தைகளைச் சோதிக்கும்போது 80 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுமான வேகங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவற்றுக்கான பதில் பெரிதும் மூளைத்தண்டிலிருந்து வருகிறது. காதும் மருந்தும் ஒன்றுதான். ஒரு பதில் அசையாமல் நிற்கிறது, இன்னொன்று விழுந்துவிடுகிறது.

அறுவைக்கு முன்னால் கொடுக்கப்படும் தூக்க மருந்தைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. மயக்க மருந்து நிபுணர்கள் அதை ப்ரீமெடிகேஷன் என்பார்கள். இங்கே முன்மருந்து என்று வைத்துக்கொள்வோம். முன்மருந்து வாங்கியவருக்கு மயக்க மருந்து குறைவாகவே போதும் என்பது நூற்றாண்டைத் தாண்டிய அறிவு. கேட்கவேண்டிய கேள்வி, எதற்குப் போதும் என்பது. உடம்பு அசையாமல் இருக்கவா, பெயர் சொல்லி அழைத்தால் கண் திறக்காமல் இருக்கவா, நடந்தது நினைவில் தங்காமல் இருக்கவா, அல்லது மூளை ஒலியை வாங்காமல் இருக்கவா? இந்த நான்கையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பேசியதால் விளைந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு மயக்கம் காட்டியபோது முன்மருந்து என்று எதுவும் இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் அதன் தேவை உறைத்தது. ஈதர் மெதுவாக ஏறும், எச்சில் ஊறவைக்கும், முழு மயக்கத்துக்கு முன்னால் நோயாளி கைகால்களை உதறித் திமிறும் ஒரு கட்டம் வரும். ஆர்தர் கெடல் 1920இல் வகுத்த நான்கு கட்டங்களில் இரண்டாவது அதுதான். எச்சிலை அடக்க அட்ரோபின், திமிறலைத் தணிக்க மார்ஃபின் என்ற வழக்கம் அப்படி உருவானது. இதற்கு அறிவியல் அடித்தளம் இட்டவர்களில் பாரிஸின் கிளாட் பெர்னார்ட் முதன்மையானவர். மார்ஃபின் செலுத்தப்பட்ட விலங்குக்குக் குளோரோஃபார்ம் குறைவாகவே தேவைப்படுகிறது என்பதை 1860களில் அவர் நாய்களில் கண்டார்.

ஒலியும் முன்மருந்தும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதை முதலில் நடைமுறையில் எதிர்கொண்டவர்கள் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகர மகப்பேறு மருத்துவர்கள் என்பேன். 1906ஆம் ஆண்டு வாக்கில் பெர்ன்ஹார்ட் க்ரோனிக்கும் கார்ல் காஸும் பிரசவ வலிக்கு மார்ஃபினையும் ஸ்கோபோலமினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்திமயக்கத் தூக்கம் என்ற பொருளில் அது உலகெங்கும் பேசப்பட்டது. அந்தப் பெண்கள் வலியில் கத்தினார்கள், பேசினார்கள், சொன்னதைச் செய்தார்கள். மறுநாள் ஒன்றும் நினைவில்லை. எவ்வளவு மருந்து கொடுப்பது என்பதை முடிவு செய்ய காஸ் நினைவைத்தான் சோதித்தார். ஒரு பொருளைக் காட்டுவார். சற்று நேரம் கழித்து அதையே மறுபடி காட்டி, முன்பு பார்த்ததுண்டா என்று கேட்பார். இல்லை என்றால் மருந்து போதும். வலி என்ன அளவில் இருக்கிறது என்பது அந்தச் சோதனையின் கேள்வியே அல்ல. இன்னொரு ஏற்பாடு அதைவிடக் கூர்மையானது. அறையை இருட்டாக்கி, பெண்களின் கண்களை மூடி, காதில் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்தார்கள். ஒரு கூச்சலோ கதவடிக்கும் சத்தமோ மூளைக்குள் போனால் மறதிக்கு நடுவே ஒரு நினைவுத் திட்டு முளைத்துவிடும், அதைச் சுற்றி மொத்தப் பிரசவமும் நினைவுக்கு வந்துவிடும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. மருந்து காதை அடைக்கவில்லை என்பதால்தான் பஞ்சு தேவைப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முன்மருந்தின் முகம் மாறியது. ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டெடுத்த பென்சோடயசெபின் குடும்பத்திலிருந்து 1960இல் லிப்ரியமும் 1963இல் வேலியமும் சந்தைக்கு வந்தன. எழுபதுகளின் நடுவில் அதே நிறுவனத்தில் மிடாசோலம் பிறந்தது. குப்பியில் அமிலத்தன்மையுள்ள கரைசலில் இருக்கும்வரை அது தண்ணீரில் கரையும். ரத்தத்தில் கலந்ததும் அதன் மூலக்கூறின் வளையம் மூடிக்கொண்டு கொழுப்பில் கரையும் பொருளாகி மூளைக்குள் விரைந்து நுழையும். டயசெபம்போல் ஊசி போட்ட ரத்தக்குழாய் எரிவதில்லை. நம்மூர் வார்டுகளில் அறுவைக்கு முந்தைய இரவு அல்ப்ரசோலம் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, "இதைப் போட்டுக்கிட்டு நிம்மதியாத் தூங்குங்கம்மா" என்று நர்ஸ் சொல்லிப்போவதும், காலையில் தியேட்டருக்குள் நுழைந்ததும் கையிலுள்ள ஊசிக்குழாய் வழியே ஒரு மில்லிகிராம் மிடாசோலம் இறங்குவதும் இந்தப் பரம்பரையின் தொடர்ச்சிதான்.

இந்த மருந்துகள் என்ன செய்கின்றன? மூளையில் நரம்பு அணுக்களை அடக்கும் முக்கிய வேதிப்பொருள் காபா. அது தன் ஏற்பியில் ஒட்டினால் குளோரைடு வாயில் திறந்து அணு அமைதியாகும். பென்சோடயசெபின் அந்த வாயிலைத் தானே திறப்பதில்லை. காபா வந்து திறக்கும்போது அடிக்கடி திறக்கும்படி செய்கிறது, அவ்வளவுதான். கிணற்றில் நீர் இருந்தால் இறைப்பதை எளிதாக்கும் கப்பியைப்போல. நீரை அது உண்டாக்காது. பார்பிச்சுரேட்டுகளோ அளவு கூடினால் காபா இல்லாமலேயே வாயிலைத் திறந்துவிடும். புரொப்போஃபாலும் அப்படியே. பென்சோடயசெபின்கள் ஒப்பளவில் பாதுகாப்பானவையாக இருப்பதற்கும், அவற்றை மட்டும் வைத்து முழு அறுவை மயக்கத்தை எட்டுவது கடினமாக இருப்பதற்கும் காரணம் இதுவே. அதே ஏற்பியில் வேறொரு இடத்தைப் பிடிக்கும் புரொப்போஃபாலோடு மிடாசோலம் சேரும்போது, இரண்டின் பலனும் வெறுமனே கூடுவதில்லை. கூட்டுத்தொகையைத் தாண்டிப் போகிறது. ஓரிரு மில்லிகிராம் மிடாசோலம் முன்னால் போனவருக்குப் புரொப்போஃபாலை வழக்கமான அளவில் கொடுத்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழலாம் என்பதை ஒவ்வொரு மயக்க மருந்து மாணவரும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிறார்.

மயக்க வாயுக்களின் தேவையை அளக்க ஓர் அலகு உண்டு. எட்மண்ட் ஈகரும் அவருடைய கூட்டாளிகளும் 1960களின் நடுவில் வகுத்த அதை மேக் என்பார்கள். தோலைக் கத்தி கீறும்போது நோயாளிகளில் பாதிப்பேர் அசையாமலிருக்க நுரையீரலின் காற்றறைகளில் எவ்வளவு வாயு இருக்கவேண்டும் என்பதே அது. ஹாலோதேனுக்கு சுமார் 0.75 விழுக்காடு, ஐசோஃப்ளூரேனுக்கு 1.15க்கு அருகில், செவோஃப்ளூரேனுக்கு சுமார் 2, டெஸ்ஃப்ளூரேனுக்கு சுமார் 6. நைட்ரஸ் ஆக்சைடுக்கு 100ஐத் தாண்டும். அதாவது சாதாரண காற்றழுத்தத்தில் அதை மட்டும் கொண்டு அறுவை செய்யவே முடியாது. வயது கூடக் கூட மேக் குறையும். நாற்பதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 6 விழுக்காடு. முன்மருந்தும் அதைக் குறைக்கும். எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் டயசெபம் ரத்தக்குழாயில் கொடுத்தால் ஹாலோதேன் தேவை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது 1971இலேயே மனிதர்களில் அளந்து காட்டப்பட்டது. குளோனிடின், டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற ஆல்ஃபா-2 மருந்துகளும் மேக்கைக் கீழே இழுக்கின்றன. விலங்குகளில் அந்த இறக்கம் இன்னும் செங்குத்தானது. மெடிடோமிடின் ஊசி போட்ட நாய்க்குப் புரொப்போஃபால் அளவைப் பாதிக்கும் கீழே வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஏற்றவேண்டும் என்பது கால்நடை மருத்துவர்களின் அன்றாட எச்சரிக்கை.

இத்தனை துல்லியமான அலகு அளப்பது எதை? 1993இல் இரண்டு ஆய்வுகள் இந்தக் கேள்வியைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டன. ஐரா ரம்பில் எலிகளில் முன்மூளையை நீக்கிப் பார்த்தார், மேக் மாறவில்லை. ஜோசப் ஆன்டோனினியும் கூட்டாளியும் ஆடுகளில் தலைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைத் தனியே பிரித்து மூளைக்கு மட்டும் ஐசோஃப்ளூரேன் கொடுத்தார்கள். அசைவை நிறுத்தத் தேவைப்பட்ட அளவு இரு மடங்குக்கு மேல் ஏறியது. கத்திக்கு உடல் அசைவதும் அசையாததும் பெரும்பாலும் முதுகுத்தண்டில் தீர்மானமாகிறது என்று இதற்குப் பொருள். மேக் என்பது மயக்கத்தின் ஆழம் என்றே ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக மருத்துவர்கள் பேசிவந்தார்கள். அது அளந்ததோ, பெரிதும் தண்டுவடத்தின் அடக்கத்தை. பெயர் சொல்லி அழைத்தால் பதில் வராத நிலையை எட்ட மேக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும் என்பதும், அந்த இரண்டு அளவுகளையும் முன்மருந்து ஒரே விகிதத்தில் குறைக்கவேண்டிய கட்டாயமில்லை என்பதும் அப்போதுதான் அழுத்தமாகப் புரிந்தன.

மூளையையே கேட்டுவிடலாமே என்று ஒலியின் பக்கம் திரும்பியவர்கள் எண்பதுகளில் லண்டனில் வேலை செய்த கிறிஸ்டின் தார்ன்டனும் காரெத் ஜோன்ஸும். மூளைத்தண்டின் ஐந்து மேடுகளுக்குப் பிறகு, ஒலி கிளம்பிய 10ஆம் மில்லி விநாடியிலிருந்து 100ஆம் மில்லி விநாடிக்குள் இன்னொரு தொகுதி அலைகள் வருகின்றன. ஒலிச்செய்தி தாலமஸைத் தாண்டி மூளைப் புறணியின் செவிப்பகுதியை அடையும்போது எழுபவை. வாயு மயக்க மருந்தின் அளவைக் கூட்டக் கூட இந்த நடு அலைகள் தாழ்ந்துகொண்டே வந்தன, பின்னுக்கும் தள்ளிப்போயின. விழித்தவரிடம் கூர்மையான மூன்று சிகரங்களாகத் தெரிந்தவை ஆழ்ந்த மயக்கத்தில் ஒரே நீண்ட மேடாகப் படுத்துவிட்டன. அறுவையின் தூண்டல் கூடினால் மறுபடி தலைதூக்கின. வேதியியலில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட ஹாலோதேன், ஐசோஃப்ளூரேன், புரொப்போஃபால் எல்லாம் ஒரே மாதிரியாக அவற்றை அடக்கின. கடைசியில் ஒரு பொது அளவுகோல் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை பிறந்தது.

முன்மருந்து வகையறா அந்த நம்பிக்கையோடு ஒத்துப்போகவில்லை. மியூனிக்கில் டிர்க் ஷ்வெண்டரின் குழு மிடாசோலம், டயசெபம், ஃப்ளூனிட்ராசெபம் ஆகியவற்றால் மயங்கவைக்கப்பட்ட நோயாளிகளில் நடு அலைகளைப் பதிவு செய்தது. அலைகள் பெரிய மாற்றமின்றி இருந்தன. ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளிலும் அதே நிலை. கீட்டமினிலும் அதே நிலை. கண் மூடிவிட்டது, அழைப்புக்குப் பதிலில்லை, ஆனால் ஒலி புறணியின் வாசல் வரைக்கும் விழித்தவருக்குப் போவதுபோலவே போய்க்கொண்டிருந்தது. இதை வெறும் மின்னலை விந்தை என்று விட்டுவிடாமல் அதே குழு மேலும் ஓர் அடி வைத்தது. 1994இல் வெளிவந்த அந்த ஆய்வை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

இதய அறுவைக்கு வந்தவர்களுக்கு நெஞ்செலும்பைத் திறந்த பிறகு ஹெட்ஃபோனில் ராபின்சன் குரூசோவின் கதையைச் சொல்லும் ஒலிநாடா போடப்பட்டது. ஒரு பத்துப் பேருக்கு ஃப்ளூனிட்ராசெபமும் மிகுந்த அளவு ஃபென்டனிலும்; ஒரு பத்துப் பேருக்கு ஃபென்டனிலோடு ஐசோஃப்ளூரேன்; இன்னொரு பத்துப் பேருக்கு ஃபென்டனிலோடு புரொப்போஃபால். சில நாட்கள் கழித்து அவர்களைக் கேட்டார்கள். அறுவையின்போது நடந்தது எதுவும் யாருக்கும் நினைவில்லை. "வெள்ளிக்கிழமை என்றதும் என்ன தோன்றுகிறது?" என்று மட்டும் ஒரு கேள்வி. அந்தக் கதையில் குரூசோவின் தோழனுக்கு அந்தக் கிழமையின் பெயர். முதல் குழுவில் ஐந்து பேர் குரூசோவைச் சொன்னார்கள். மற்ற இரண்டு குழுக்களிலும் ஒவ்வொருவர். அப்படிச் சொன்னவர்களின் மூளையில் அறுவை நேரத்தில் நடு அலைகள் அதிகம் பின்தள்ளிப் போகாமல் இருந்தன. சிறிய எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஆய்வுதான். எல்லாவற்றையும் இதன்மேல் ஏற்றிவைக்க முடியாது. ஆனாலும் கேள்வியின் எளிமையும் விடையின் திசையும் மனதைவிட்டு அகல மறுக்கின்றன. நெஞ்சு பிளந்து கிடந்தவருக்குள் கதை போய்ச் சேர்ந்திருக்கிறது. அவருக்கே அது தெரியாது.

ஒலி உள்ளே போகிறது என்பதும் அது புரிகிறது என்பதும் வேறுவேறு. கேம்பிரிட்ஜில் மாட் டேவிஸும் உடன் பணியாற்றியவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், புரொப்போஃபால் சிறுகச் சிறுக ஏற்றப்பட்ட தன்னார்வலர்கள் ஸ்கேனருக்குள் படுத்து வாக்கியங்களைக் கேட்டார்கள். ஆழ்ந்த தூக்கநிலையிலும் பொட்டுமடல் பேச்சொலிக்குப் பதிலளித்துக்கொண்டிருந்தது. இரு பொருள் தரும் சொற்களை அவிழ்க்கும்போது எழவேண்டிய கூடுதல் பதிலோ, லேசான தூக்கநிலையிலேயே மறைந்துவிட்டது. டெல் அவீவில் வலிப்பு நோயாளிகளின் மூளைக்குள் சிகிச்சைக்காகப் பதித்திருந்த மின்முனைகளைக் கொண்டு நடந்த இன்னோர் ஆய்வு 2020இல் வந்தது. மயக்க மருந்தில் உணர்வு இழக்கும் தருணத்திலும் முதன்மைச் செவிப்புறணியின் அணுக்கள் ஒலிக்குச் சுடுவதை நிறுத்தவில்லை. அதற்கு அப்பாலுள்ள பகுதிகளில்தான் பதில் நைந்துபோனது. எதிர்பாராத ஒலி கேட்டால் 300ஆம் மில்லி விநாடியருகே எழும் அலை எல்லாவற்றிலும் மென்மையானது. கவனமும் மதிப்பிடுதலும் கலந்த அது, கொஞ்சம் தூக்க மருந்திலேயே போய்விடும். ஆக, மருந்து மேலிருந்து கீழே இறங்குகிறது. முதலில் பொருள் போகிறது, கடைசி வரைக்கும் ஒலி நிற்கிறது.

ஆல்ஃபா-2 மருந்துகள் இந்த வரிசையில் தனி இடம் பிடிப்பவை. டெக்ஸ்மெடிடோமிடின் காபா ஏற்பியைத் தொடுவதில்லை. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்னும் சிறு கருவில் நோரட்ரினலின் சுரக்கும் அணுக்களை அடக்கி, இயல்பான ஆழ்தூக்கத்தை ஒத்த நிலையை உண்டாக்குகிறது. அதனால் அந்த மருந்தில் இருக்கும் நோயாளியைத் தோளில் தட்டி அழைத்தால் கண்ணைத் திறந்து பேசுவார். விட்டுவிட்டால் மறுபடி தூங்குவார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இது பெரிய வசதி. மேக்கைக் குறைக்கும் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இதுவே பொறியும்கூட. கால்நடை மருத்துவர்கள் இதைச் சொந்தக் கையில் காயப்பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். மெடிடோமிடினிலோ சைலசினிலோ அசையாமல் கிடக்கும் நாய், தட்டு கீழே விழும் சத்தத்துக்குத் துள்ளி எழுந்து கடித்துவிடும். ஊசி போட்டதும் விலங்கை அமைதியான இடத்தில் விடுவதும், காதில் பஞ்சு வைப்பதும் அதனால்தான். ஃப்ரைபர்க்கின் பஞ்சுக்கும் இந்தப் பஞ்சுக்கும் காரணம் ஒன்றே.

அறுவை அரங்குகளில் இப்போது பரவலாக இருப்பது பிஸ் என்னும் கருவி. நெற்றியிலிருந்து மூளை மின்னலையை வாங்கி 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் 1996இல் அதற்கு அனுமதி கிடைத்தது. கிளாஸ்கோவில் செவியலைகளிலிருந்தே ஒரு குறியீட்டெண் உருவாக்கப்பட்டது. சில நிறுவனங்கள் கருவியாகவும் விற்றன. அரங்கின் மின்சாரக் குறுக்கீட்டுக்கு நடுவே மைக்ரோவோல்ட் அலைகளைச் சேகரிப்பது சிரமம், காது கேளாதவரிடம் பயன்படாது என்பன போன்ற காரணங்களால் அவை வேரூன்றவில்லை. பிஸ் எண்ணையும் முன்மருந்து கீழே இறக்கும். இறங்கிய எண்ணைப் பார்த்து வாயுவைக் குறைக்கும் மருத்துவர், செவிப்பாதையைப் பெரிதும் அடக்கும் மருந்தைக் குறைத்து, அடக்காத மருந்தின்மேல் சாய்கிறார் என்பதை எண் சொல்லாது.

அறுவை நடுவே விழிப்பு வந்துவிடுமோ என்பது நோயாளிகளின் பெரிய அச்சங்களில் ஒன்று. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளிவந்த நாடு தழுவிய தணிக்கை, பொது மயக்கம் பெற்றவர்களில் ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர் தாமாக முன்வந்து விழிப்பைப் புகார் செய்கிறார் என்று கணக்கிட்டது. தசைத் தளர்ச்சி மருந்து தரப்பட்டவர்களில் அது 8,000க்கு ஒன்று. சிசேரியனில் 670க்கு ஒன்று. இவை நினைவில் தங்கியவற்றின் கணக்கு. மிடாசோலத்தின் மிக வலுவான ஆற்றல், புதிய நினைவு உருவாகாமல் தடுப்பது. காஸின் சோதனையில் நடந்தது இங்கேயும் நடக்கிறது. நினைவில்லை என்ற பதிலிலிருந்து அனுபவமும் இல்லை என்ற முடிவுக்கு நாம் தாவிவிடுகிறோம். மைக்கேல் டன்ஸ்டால் 1977இல் விவரித்த முறை இந்தத் தாவலைத் தடுக்கிறது. தசைத் தளர்ச்சி மருந்தைக் கொடுக்குமுன் ஒரு கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி இறுக்கிவிட்டால் மருந்து அந்தக் கைக்குள் போகாது. மயங்கிக் கிடப்பவரின் காதருகே, "கேட்குதா? கேட்டா என் விரலை அழுத்துங்க" என்று சொல்லிப் பார்க்கலாம். இந்த முறையைக் கொண்டு பல நாடுகளில் 260 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், மூச்சுக்குழல் செலுத்திய பிறகு 4.6 விழுக்காட்டினர் விரலை அழுத்தினார்கள். இப்படி அழுத்துகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிறகு அது நினைவிருப்பதில்லை. அந்த மறதியை நல்லதென்று மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. வலி நினைவில் தங்காதது நோயாளிக்கு ஆறுதல்தான். எத்தனை பேர் அதை அனுபவித்தார்கள் என்று நமக்குத் தெரியாமல் போவது மருத்துவத்துக்கு இழப்பு.

அப்படியானால் முன்மருந்து எதற்கு? வாயுவை மிச்சப்படுத்துவதற்கு அல்ல என்பது என் கருத்து. பயத்தைத் தணிப்பதற்குத்தான், அதுவும் பயம் இருக்கும் இடத்தில். பயம் மயக்க மருந்துத் தேவையையே கூட்டுகிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு வந்த 57 பெண்களிடம் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், இயல்பாகவே பதற்றம் மிகுந்தவர்களுக்குப் புரொப்போஃபால் கூடுதலாகத் தேவைப்பட்டது. பயத்தைத் தணிக்க மருந்துதான் வழியா என்பதை 1963லேயே லாரன்ஸ் எக்பர்ட்டும் கூட்டாளிகளும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சோதித்துவிட்டார்கள். ஒரு பகுதியினரை முந்தைய நாள் மயக்க மருந்து நிபுணர் நேரில் சந்தித்து, நாளை என்ன நடக்கும் என்று விளக்கினார். இன்னொரு பகுதியினருக்குப் பென்டோபார்பிட்டல். மருந்து பெற்றவர்களுக்குத் தூக்கம் வந்தது, அமைதி வரவில்லை. பேசப்பட்டவர்கள் அமைதியாக இருந்தார்கள். பென்சில்வேனியாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நரம்பை மரத்துப்போகவைக்கும் ஊசிக்கு முன்னால் ஹெட்ஃபோனில் இசை கேட்டவர்களுக்கும் மிடாசோலம் பெற்றவர்களுக்கும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. காதைத் தாண்டி உள்ளே போகும் ஒலியே மருந்தின் வேலையைச் செய்ய முடிகிறது.

ஃபிரான்ஸில் 1,062 பேரிடம் நடந்து 2015இல் வெளியான பெரிய ஆய்வு வழக்கத்தின் அடிமடியிலேயே கைவைத்தது. ஒரு குழுவுக்கு 2.5 மில்லிகிராம் லோராசெபம், ஒரு குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, ஒரு குழுவுக்கு எதுவுமே இல்லை. நோயாளிகளின் திருப்தியில் மூன்று குழுக்களுக்கும் வேறுபாடில்லை. மூச்சுக்குழலை எடுக்க ஆன நேரம் லோராசெபம் குழுவில் 17 நிமிடம். மற்ற இரண்டிலும் 12, 13. சீக்கிரம் தெளிந்த சிந்தனைக்குத் திரும்பியவர்கள் லோராசெபம் குழுவில் 51 விழுக்காடு, எதுவும் பெறாத குழுவில் 71. அம்மாவைப் பிரிந்து முகமூடியைப் பார்த்து அலறும் மூன்று வயதுக் குழந்தையின் விஷயம் வேறு. அங்கே இனிப்பில் கலந்த மிடாசோலம், பெற்றோர் கூட வருவதைவிடவும் பதற்றத்தைக் குறைக்கிறது என்பதை யேலின் ஜீவ் கெய்ன் தொண்ணூறுகளில் காட்டினார். அந்தக் குழந்தைக்கு மறுப்பது கொடுமை.

எழுபது வயதைத் தாண்டியவர்கள் அந்த ஃபிரெஞ்சு ஆய்வில் இல்லை. மருந்து உடம்பில் நெடுநேரம் தங்குவதும், குறைந்த அளவே மூளையைக் குழப்பிவிடுவதும் அவர்களிடம்தான் அதிகம். முதியோர் பென்சோடயசெபின்களைத் தவிர்க்கவேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் தன் பட்டியலில் சொல்லிவருகிறது. யேலின் பொது மருத்துவ வார்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட 852 பேரைக் கொண்டு ஷாரன் இனூயி நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், தூக்க மாத்திரைக்குப் பதில் இதமான சூழலில் தூங்கவைப்பதும், கண்ணாடியையும் காதுக் கருவியையும் தவறாமல் அணிவிப்பதும், பேச்சுக் கொடுப்பதும் சேர்ந்த ஏற்பாட்டால் திடீர் மனக்குழப்பம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9ஆகக் குறைந்தது. அது அறுவை வார்டில் நடந்தது அல்ல, ஆனாலும் அதை அங்கே கொண்டுபோவதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். தியேட்டருக்கு அனுப்பும்போது நகை, பல்செட்டோடு காதுக் கருவியையும் கழற்றி உறவினர் கையில் கொடுத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. மயக்கம் கொடுக்கும் நிமிடம் வரை அதை விட்டுவைத்து, எழுப்புமுன் திரும்பப் பொருத்தினால், "மூச்சை இழுத்து விடுங்க, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு" என்று சொல்வது அந்தப் பெரியவருக்கு முதல் தடவையிலேயே கேட்கும்.